சேரம்பாடியிலிருந்து வரும் படங்கள்

9 ஜூன் 2025, திங்கள்

குன்னூரில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. அம்மா கொடியை வீட்டுக்குள்ளேயே, என் மேசைக்கு நேர் மேலே கட்டிவிட்டாள். ஈரத் துண்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

காலையில் எங்கள் கம்பெனி முதலாளி வேலுமணி சார் கோவையிலிருந்து கூப்பிட்டார். நாலாவதாக ஒரு ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறதாம். சேரம்பாடிப் பக்கம், எஸ்டேட் ஆட்கள் வரும் சின்ன ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்க ஆள் இருக்கிறார், பார்த்துச் சொல்ல டாக்டர் இல்லை. படம் கோவையில் டாக்டர் ஸ்ரீமதிக்குப் போக வேண்டும். இந்த மழையில் அங்கிருந்து ஒரு படம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் இணையம் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் மென்பொருள் படத்தைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் பழையபடி விரித்துக் காட்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 'ஒரு புள்ளிகூட மாறாது' என்று எங்கள் விளம்பரத்தாளில் இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான்தான்.

அம்மா கேட்டாள், "அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் கண்ணு பண்றே?"

வேவ்லெட் வடிகட்டல் என்றால் அவளுக்கு என்ன தெரியும். "பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு புள்ளிக்கு எவ்வளவு வித்தியாசம்னு எழுதி வெக்கறேம்மா. பக்கத்துல இருக்கறது பெருசா மாறாது. அதனால சின்ன நம்பராத்தான் வரும், எடம் கம்மியா அடைக்கும்."

"பக்கத்துல இருந்தா ஒண்ணாட்டம் ஆயிருமாக்கும். பக்கத்தூட்டு லிங்கசாமியும் நானும் அப்படியா இருக்கறோம்?"

18 ஜூன், புதன்

சேரம்பாடி கணினியில் இங்கிருந்தபடியே மென்பொருளை ஏற்றினேன். அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் பெயர் ஜெகதீசன். நிதானமான குரல். ஒவ்வொரு படிக்கும், "செஞ்சுட்டேன் மேடம், அடுத்தது சொல்லுங்க" என்றார். சொல்லாததை ஒன்றும் தொடவில்லை. இப்படி ஒரு ஆளை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை.

முதல் படம் பதினான்கு நிமிடத்தில் போனது.

1 ஜூலை, செவ்வாய்

சேரம்பாடியில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. ஊட்டியில் வெயிலாம். அம்மாவுக்குப் பொறாமை.

17 ஜூலை, வியாழன்

ஜெகதீசன் கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கினார். "மேடம், டாக்டரம்மா பாக்குற படமும் நான் எடுக்குற படமும் ஒண்ணுதானுங்களா?"

ஒன்றுதான் என்றேன்.

"நான் எடுத்ததை ஒரு பக்கம் வெச்சு, அவங்க பாக்குற இணையப் பக்கத்தைத் தொறந்து இன்னொரு பக்கம் வெச்சுப் பாத்தேன். அம்புக்குறியை வெச்சா அந்தப் புள்ளியோட நம்பர் காட்டுதுல்ல? இங்க ஆயிரத்து முந்நூத்திப் பதினெட்டு. அங்க ஆயிரத்து முந்நூத்திப் பதினாறு."

அம்புக்குறி கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்றேன்.

"நகரலைங்க மேடம். நாலு எடத்துல பாத்தேன். ரெண்டு எடத்துல சரியா இருக்கு. ரெண்டுல இல்ல."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் கோபம். அவர் மரியாதையாகத்தான் பேசினார், பிறகு எதற்குக் கோபம்? பெரிய பெரிய ஆட்கள் சோதித்த வேலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் தப்புக் கண்டுபிடிப்பதா என்றுதானே? அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

18 ஜூலை, வெள்ளி

இருநூறு படங்களைச் சுருக்கி விரித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. அவரிடம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். ஒத்துக்கொள்ளாதவர் சொல்லும் சரி.

பிறகு, "எதுக்கும் ஒரு படம் அனுப்புறேன், அதை வெச்சுப் பாருங்க. நோயாளிங்க படம் வேண்டாம். என் கைதான். போன வருசம் பைக்ல விழுந்தப்ப எடுத்தது."

19 ஜூலை, சனி

இடது கை. விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்கிறார். உடைந்தது எதுவும் இல்லை, ஆனால் சுண்டுவிரலில் ஒரு பழைய முறிவு இருக்கிறது. எப்போதோ உடைந்து, சரியாகக் கட்டாமல், லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து கூடியிருக்கிறது. சின்ன வயதில் விழுந்திருப்பார்.

மோதிரத்தின் நிழல் இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? இங்கே கல்யாணமான ஆம்பளைங்க எல்லாரும் மோதிரமா போட்டுட்டு இருக்காங்க? எனக்கு முப்பத்தெட்டு வயசு. ஒரு மனுஷனோட முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி எலும்பைப் பாத்துட்டு — போதும்.

22 ஜூலை, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏழு, நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். வித்தியாசம் கழித்தல் மூன்று. அதில் பாதியை முதல் புள்ளியோடு சேர்த்து வைக்க வேண்டும். பாதி, கழித்தல் ஒன்றரை. முழு எண்களை மட்டுமே வைத்துச் செய்யும் கணக்கில் ஒன்றரைக்கு இடம் கிடையாது. கழித்தல் இரண்டா, கழித்தல் ஒன்றா? எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் சுருக்கும் பக்கமும் விரிக்கும் பக்கமும் ஒன்றையே எடுக்க வேண்டும்.

சுருக்குவதை ஒரு கணினி மொழியில் எழுதினேன். டாக்டர் திறக்கும் பக்கத்தை ஆறு மாதம் கழித்து இன்னொரு மொழியில் எழுதினேன். அது கழித்தல் இரண்டு என்கிறது, இது கழித்தல் ஒன்று என்கிறது. ஏழும் நான்கும் போய் ஆறும் மூன்றுமாகத் திரும்பி வருகிறது. வெளிச்சம் கூடிக்கொண்டு போகும் இடத்தில் தப்பே இல்லை. குறைந்துகொண்டு வரும் இடத்தில்தான். இதையே ஐந்து படி திரும்பத் திரும்பச் செய்வதால் ஒன்று சில இடத்தில் மூன்றும் நான்குமாகிறது.

என் சோதனை முழுக்க ஒரே மொழிக்குள் நடந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நினைத்ததால் எல்லாம் சரியாகவே வந்தது.

ஜெகதீசனைக் கூப்பிட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அப்ப, எடுத்த படமெல்லாம் போச்சுங்களா?"

"இல்லைங்க. சுருக்கி வெச்சது பத்திரமா இருக்கு. தொறந்த விதம்தான் தப்பு."

மூச்சு விடுவது கேட்டது.

23 ஜூலை, புதன்

வேலுமணி சாரிடம் சொன்னேன். "நாலாயிரம் வரைக்கும் போற நம்பர்ல ஒண்ணு ரெண்டு வித்தியாசம் எந்தக் கண்ணுக்குங்க தெரியும் ப்ரியா? அடுத்த பதிப்போட சத்தமில்லாம சரி பண்ணிருங்க" என்றார்.

டாக்டருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னா நாளைக்கு ஒருத்தனும் நம்மள நம்ப மாட்டான். நாலு வருசமாக் கட்டுனது."

அவர் கெட்டவர் இல்லை. அப்பா செத்தப்ப அருவங்காட்டு ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வண்டி அனுப்புனவர் அவர். வீட்டிலேயே இருந்து வேலை செய்யுங்கன்னு சொன்னதும் அவர்தான். அதனாலதான் கஷ்டமா இருக்கு. ஆயிரத்துச் சொச்சம் படம். அதுல யாரோ ஒருத்தருக்கு, ஏதோ ஒரு எடத்துல — தெரியாது. தெரியாதுங்கறதுதான் பிரச்சினை.

24 ஜூலை, வியாழன்

கடிதத்தை எழுதிவிட்டேன். என்ன தப்பு, எப்போதிலிருந்து, எந்தப் படங்கள், எழுதியது யார், எல்லாம் அதில் இருக்கிறது. வேலுமணி சாருக்கு அனுப்பி, 'திங்கள்கிழமை இதை நான் டாக்டருக்கு அனுப்புகிறேன். வேலையை விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்' என்று கீழே எழுதினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

28 ஜூலை, திங்கள்

காலை எட்டு மணிக்கே வேலுமணி சார். "கடுதாசிய நானே கொண்டு போய்க் குடுக்கறேனுங்க. உங்க பேரு மட்டும் போட்டா நல்லால்ல, என்ற பேரையும் போட்டிருக்கறேன்."

போனை வைத்த பிறகு அழுதேன். கொடியில் தொங்கிய துண்டில் துடைத்துக்கொண்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

டாக்டர் ஸ்ரீமதி நேரே என்னைக் கூப்பிட்டார். இரண்டு தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த குரல்.

"படத்துல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலம்மா. அதுக்காக, நீங்க சொன்னதுக்கப்புறம் பாக்காம இருக்க முடியுமா? நெஞ்சுப் படம் அத்தனையும் மறுபடி பாத்துட்டேன். சேரம்பாடி முப்பத்தெட்டாம் நம்பர்ல இடது நுரையீரல் மேல ஒரு நிழல் இருக்கு. மொதல்ல நார்மல்னு குடுத்தது நான்தான். சளி டெஸ்ட்டுக்கு எழுதியிருக்கேன்."

"என் தப்பாலயா டாக்டர்?"

"மாறிப்போன பழைய படத்துலயும் இருக்கு. நான் அன்னைக்குக் கவனிக்கல. உங்க கடிதம் வரலன்னா திரும்பப் பாத்திருக்கவே மாட்டேன்."

எங்களுக்கு எண் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. முப்பத்தெட்டு. யாரோ.

12 ஆகஸ்ட், செவ்வாய்

சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது. ஆரம்ப நிலைதான். ஆறு மாதம் மாத்திரை. ஜெகதீசன் சொன்னபோது குரல் வழக்கம்போல நிதானமாகத்தான் இருந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று இரண்டு முறை சொன்னார்.

6 செப்டம்பர், சனி

சேரம்பாடிக்குப் போய் வந்தேன். புதிய பதிப்பை ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நேரில் போய்ப் போட்டுவிடுவது என்று முடிவு. இனி ஒவ்வொரு படத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். விரித்த பிறகு அது பொருந்தாவிட்டால் படமே திறக்காது.

குன்னூரில் ஆறு மணிக்கு ஏறியது, ஊட்டி, கூடலூர் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. நிறுத்தத்தில் இரண்டு குடையோடு ஒருவர் நின்றார். ஒன்றை நீட்டியபோது சுண்டுவிரலைப் பார்த்தேன். "ஜெகதீசன்தானே?" என்றேன். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார். குடையை விரித்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். காதோரம் நரை.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. "எங்கம்மா உங்களைப் பாக்கணும்னாங்க. பக்கத்துலதான்" என்றார். தேயிலைக்கு நடுவே நடந்தோம். வீடு தெரிந்ததும் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். முப்பத்தெட்டு எங்கம்மாதான்."

நானும் நின்றுவிட்டேன்.

"ரெண்டு மாசமா இருமல். நானே படம் எடுத்தேன். மேல ஏதோ இருக்குற மாதிரி எனக்குப் பட்டுச்சு. டாக்டரம்மா நார்மல்னு எழுதுனாங்க. படம் எடுக்குறவன் போய் டாக்டர்கிட்ட, நல்லாப் பாத்தீங்களான்னு கேக்க முடியுமா? அதான், நான் பாக்குறதையேதான் அவங்களும் பாக்குறாங்களான்னு பாத்தேன்."

"ஜூலையிலயே சொல்லியிருக்கலாமே. எங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா எனக்காகப் பாத்திருப்பீங்க. நம்பர் தப்புன்னா அது எல்லாருக்கும்தானே தப்பு."

அவர் அம்மா சுப்பம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், வாயில் துணி கட்டிக்கொண்டு. சின்ன உருவம். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பதினேழு வயதில் இங்கே வந்து, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். "வா பிள்ளை. தேத்தண்ணி குடிக்கிறியா? நான் ஊத்த மாட்டேன், அவன்தான் ஊத்துவான். பயப்படாத" என்றார்.

பயமாக இல்லை என்று சொல்லி அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஜெகதீசன் உடனே என்னைக் காற்று வரும் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். அதுவும் சரிதான்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அவர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். "மேடம்னு கூப்பிடாதீங்க" என்றேன்.

"பின்ன?"

"ப்ரியா."

சரி என்றார். அப்புறம் மழை, கரண்ட், அவர் அம்மா ஒன்றரைக் கிலோ கூடியது எல்லாம் பேசினார். வைக்கும்போதுதான் பெயரைச் சொன்னார். மெதுவாக, சுடச்சுட ஒன்றை வாயில் போட்டுக்கொண்டவர் மாதிரி.

8 நவம்பர், சனி

கூடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பேக்கரி. இருவருக்கும் நடுவில்.

திருப்பூர்க் கதையைச் சொன்னேன். இருபத்தாறில் கல்யாணம், பதினோரு மாதத்தில் திரும்பி வந்தது. அடி, உதை ஒன்றும் இல்லை. கட்டியவருக்கு என்னோடு பேச எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் யாருக்கும் புரிந்ததில்லை. 'இதுக்கா வந்தே?' என்பார்கள். ஜெகதீசன் கேட்கவில்லை. "பதினோரு மாசம் ரொம்ப நாள்தான்" என்றார்.

அவர் இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து, அப்பாவைப் பார்த்து, வயது போனதே தெரியவில்லையாம்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். நேராகவே. அவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

"எங்களைச் சிலோன்காரங்கன்னுதான் இன்னும் சொல்றாங்க. நான் பொறந்தது இங்கதான். உங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"உங்களுக்குச் சம்மதமா?"

"எனக்கு ஜூன் மாசத்துல இருந்தே" என்றார்.

10 நவம்பர், திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

14 நவம்பர், வெள்ளி

நாலு நாளா ஒரு பேச்சு இல்ல. தட்டுல சோறு இருக்கு, ஆனா அம்மா இல்ல. இன்னைக்கு வாயைத் தொறந்தா, "அவங்க என்ன ஆளுகளோ, என்ன எனமோ. உங்க சித்திகிட்ட என்னன்னு சொல்றது?"

எனக்கும் வாய் நீண்டுருச்சு. "திருப்பூர்ல எல்லாம் பாத்துத்தானம்மா பண்ணுனீங்க. ஆளு, எனம், சாதகம், எல்லாம்."

சொல்லியிருக்கக் கூடாது. அவ மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. அப்பாவும் அவளும் வீடு வீடா அலைஞ்சு பாத்த மாப்பிள்ளை. அவளுக்கு மட்டும் வலிக்கலையா என்ன?

30 நவம்பர், ஞாயிறு

அவரைப் பற்றி அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். என்ன சொல்வது? கடைசியில் முப்பத்தெட்டாம் படத்தைப் பற்றிச் சொன்னேன். பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "தன்ற அம்மாளுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையா அந்தப் பையன்?" என்றாள்.

"இல்லம்மா."

"தாய் இருமிட்டுக் கெடக்கறா, எல்லாருக்கும்னு கேட்டானாக்கும்."

ரொம்ப நேரம் பயறையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். "அவங்கூருக்குக் காத்தால எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்றாள்.

3 ஜனவரி 2026, சனி

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாந்தி. நடுவட்டத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றேன். "ஏறுனது ஏறியாச்சு" என்றாள்.

சுப்பம்மா தேறியிருக்கிறார். சளியில் கிருமி இல்லை என்று இரண்டாவது முறையும் வந்துவிட்டது, ஆனாலும் எங்களைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தேத்தண்ணி வந்தது. அம்மா அடுத்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணி குடிக்கவே யோசிக்கிற ஆள். குடித்தாள். குடித்து முடித்து டம்ளரை சுப்பம்மா பக்கம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. நீங்களே ஊத்துங்க."

சுப்பம்மா ஊற்றியதில் பாதி சிந்தியது. ஜெகதீசன் வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆண்கள் அழும்போது போய்ப் பார்ப்பதா, வேண்டாமா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

11 பிப்ரவரி, புதன்

சுப்பம்மாவுக்குக் கடைசி மாத்திரை. எடை நாற்பத்தொரு கிலோ.

19 பிப்ரவரி, வியாழன்

கூடலூர் முருகன் கோயிலில் கல்யாணம். பதினெட்டுப் பேர். வேலுமணி சார் வந்திருந்தார். சாந்தாமணி சித்தி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டுப் பந்தியில் எல்லாருக்கும் முன்னால் நின்று பரிமாறினாள். டாக்டர் ஸ்ரீமதி ஒரு பட்டுப்புடவை அனுப்பியிருந்தார். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தால் என்ன எழுதுவது?

17 மார்ச், செவ்வாய்

பத்து நாள் குன்னூர், பத்து நாள் சேரம்பாடி என்று வைத்திருக்கிறேன். நான் இல்லாதபோது சித்தி அம்மாவோடு வந்து இருக்கிறாள். இப்போது சேரம்பாடி. இங்கே இணையம் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை, காலையில் நன்றாகவே கிடைக்கிறது. இன்று மதியம் வரை வேலை. புதிதாகச் சேரும் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் படங்களும் போக வேண்டுமாம். சாயங்காலம் சுப்பம்மா அத்தையோடு கடைத்தெருவுக்குப் போய் மீனும் கீரையும் வாங்கி வந்தேன். மேடு ஏறும்போது அவர்தான் எனக்காக நின்று நின்று வந்தார்.

பையை வைக்கும்போது அம்மா போன். "எங்க கண்ணு, அப்பவே புடிச்சுக் கூப்புடறேன்?"

"மீன் வாங்கக் கடைக்குப் போயிருந்தேம்மா. இப்பத்தான் ஊட்டுக்கு வந்தேன்."

"வந்துட்டியா?" என்றாள். நடக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"எங்க கண்ணு, வாசல்ல ஆரையும் காணமே?"

அத்தை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் அம்மா, "ஓ" என்றாள். "அந்த ஊடா."

சிரிக்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். தெரியவில்லை.

"சரி சரி. மீன மொதல்ல கழுவி வெய்யி. நான் கதவச் சாத்திக்கறேன், பனி உள்ள வருது."